மேல் மாடியில் இருப்பவர்

மார்ச் 4

என் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். குட்டிக்குச் சளி விட்டுவிட்டது. இரண்டரை வயதுக்குப் பேச்சு அதிகம் என்று எல்லாரும் கண் வைக்கிறார்கள். உங்கள் மூட்டுவலி எப்படி என்று கேட்டால் "இருக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை. தைலம் தீர்ந்திருந்தால் மட்டும் எழுதுங்கள்.

இப்போது ஒரு விஷயம். நீங்கள் பயப்பட வேண்டாம், இந்த வீட்டில் பயப்படுகிற வேலை என்னுடையது. வீட்டு வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. போன வருஷம் கட்டியதைப் போல இரண்டு மடங்கு! தப்பாக வேறு வீட்டு நோட்டீஸைப் போட்டுவிட்டார்களோ என்று கதவு எண்ணைப் பார்த்தேன். நம்முடையதுதான். உள்ளே இப்படி இருக்கிறது: "மேல் தளம்: அறைகள் இரண்டு, ஜன்னல்கள் இரண்டு, பால்கனி ஒன்று. மேல் தளத்தில் குடியிருப்பவர்: முதியவர் ஒருவர்."

படித்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். நீங்கள் வரைந்தது அப்படியே இருக்கிறது.

இந்த வீட்டின் பழைய சொந்தக்காரர் மாடி கட்டுகிறேன் என்று முன்சுவரை மட்டும் எழுப்பிவிட்டு, முடியாமல் விட்டுப் போனவர். பின்னால் வெறும் மொட்டை மாடி, ஏற ஒரு இரும்பு ஏணி. நாங்கள் குடிவந்த வாரம் அந்த மொட்டைச் சுவர் கண்ணை உறுத்துகிறது என்று நீங்கள் பலகை கட்டி ஏறி, திரைபோட்ட இரண்டு ஜன்னல், கம்பி வைத்த பால்கனி, பூந்தொட்டி, கம்பியில் காயும் நீலத் துண்டு எல்லாம் வரைந்தீர்கள். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இதுதான் என் ரூம். நிஜமாக் கட்டினா வந்து தங்கறேன்" என்றீர்கள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

அன்றிலிருந்து அதே பாட்டுதான் பாடுகிறீர்கள். வருவீர்கள், குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றுவீர்கள், சாப்பிட்டதும் "எங்கம்மா படுக்கறது, இடமா இருக்கு?" என்று கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவீர்கள். அம்மா போன பிறகு அந்த அச்சகத்து மாடி அறையில் தனியாக எதைக் கட்டிக் காக்கிறீர்களோ!

வரி போட வந்தவர் நான் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட வகுப்பில் இருந்த நேரத்தில் வந்திருக்கிறார். குட்டி எதிர்வீட்டுத் தையல்கார அக்காவிடம் இருந்தாள். "ஒருத்தர் வந்தாரு, தெருவுல நின்னு மேல பாத்து எழுதினாரு, குட்டிகிட்ட ரெண்டு வார்த்தை கொஞ்சினாரு, போயிட்டாரு" என்கிறார் அக்கா. அந்த முதியவர் யார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் மாப்பிள்ளை, "கட்டித் தொலைச்சிடலாம், ஆபீஸ் ஆபீஸா யாரு அலையறது?" என்கிறார். இல்லாத மாடிக்கு நான் ஏன் கட்ட வேண்டும்? பின்பக்கத் தாழ்வாரத்தை அடைத்து உங்களுக்கு ஒரு அறை போட என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்த வரியைக் கட்டினால் அது மொத்தமும் போய்விடும். இருக்கப்போகிற அறையை விற்று இல்லாத அறைக்கு வரியா? விதிகளைப் படித்துவிட்டேன். ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஜெயிப்பேன் அப்பா, அதில் சந்தேகமே இல்லை. இருந்தாலும் தூக்கம் வரவில்லை, அது வேறு விஷயம்.

உங்களிடம் வேண்டியது இதுதான். அது ஜன்னல் இல்லை, வெறும் பெயிண்ட் என்று வரைந்தவர் கைப்பட ஒரு கடிதம். உடனே அனுப்புங்கள்.

உங்கள் நச்சரிப்பு

*

மார்ச் 9

அம்மாடி,

பெயிண்ட் கடைக் கலர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. திருப்பிப் பார், மூன்றாவது கட்டத்துப் பச்சைதான் உன் பூந்தொட்டிச் செடி.

உன் கடிதத்தைப் படித்து வயிறு குளிர்ந்துபோனது. உனக்கு வரி ஏறியதற்கு இல்லை. நாற்பது வருஷமாகச் சுவரில் ஏறி இறங்குகிறேன், ஒரு ஆபீஸரை ஏமாற்றும் அளவுக்கு வரைந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அவர் எங்கே நின்று பார்த்தார், தெருவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் என்றால் பெரிய விஷயமில்லை. வாசலில் நின்றே ஏமாந்தார் என்றால் அவரை ஒரு நாள் பார்க்க வேண்டும்.

நீ கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. "ஜன்னல் இல்லை, பால்கனி இல்லை, துண்டும் இல்லை, எல்லாம் நான் வரைந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "வெறும் பெயிண்ட்" என்று எழுத மாட்டேன். அந்தத் திரைச்சீலை மடிப்புக்கு ஒரு பகல் முழுக்கப் போனது. அதில் என்ன வெறும்?

அறை விஷயத்தை விட்டுவிடு. அந்தப் பணத்தைக் குட்டிக்கு வை. மாப்பிள்ளை ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். நான் பக்கத்தில் இருமிக்கொண்டு கிடந்தால் அந்த மனுஷன் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்? வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார், நல்லவர். அதனால்தான் எனக்குப் பயம். இங்கே வேலைக்குக் குறைவில்லை, ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் முழுக்க மிருகங்கள் கேட்டிருக்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குச் சுவர் பத்தவில்லை.

மூட்டுவலி இருக்கு. தைலமும் இருக்கு.

அப்பா

*

மார்ச் 15

பிடிவாதக்கார அப்பாவுக்கு,

மனுவைக் கொடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நான் எடுத்துப் போயிருந்த சுவர் போட்டோவைப் பார்த்தார்.

"என்னம்மா, மாடியே இல்லங்கறீங்க, ஜன்னல் நல்லாத் தெரியுதே?"

"சார், அது வரைஞ்சது."

"பால்கனி?"

"அதுவும் வரைஞ்சது."

"துண்டு காயுதே?"

"துண்டும் வரைஞ்சதுதான் சார்."

"துண்டைக் கூடவா வரைவாங்க?" என்று பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். "எனக்கு ஈரத் துண்டாத்தான் தெரியுது" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வரிக்குப் பயந்து மாடியை மறைக்கிற பொம்பளை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. உங்கள் கடிதத்தை நீட்டினேன். "அப்பா எழுதிக் குடுத்தா ஆச்சா? எங்கப்பாவும் எழுதிக் குடுப்பாரு" என்று ஓரமாக வைத்தார்.

சித்திரத்தைப் போட்டோ எடுத்தால் அது நிஜ ஜன்னல் மாதிரியேதான் விழுகிறது. பஸ்ஸில் அழாத குறை. வீட்டுக்கு வந்து குட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே வாசலில் நின்று அந்தச் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. வாசல் விளக்கைத் தாங்குகிற இரும்புக் கம்பியின் நிழல் வலப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. உங்கள் துண்டின் நிழல் இடப்பக்கம்! ஒரே சுவர், ஒரே வெயில், இரண்டு பக்கம் நிழல்.

மறுநாள் காலையில் ஒரு போட்டோ, சாயங்காலம் ஒரு போட்டோ, நின்ற இடம் மாறாமல் எடுத்தேன். கம்பியின் நிழல் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. துண்டின் நிழல் நகரவே இல்லை. இரண்டையும் கொண்டுபோய்க் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடிக்காரர் ரொம்ப நேரம் பார்த்தார். "அட!" என்றார். பெரிய அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று இருபத்தாறாம் தேதி போட்டுக் கொடுத்துவிட்டார்.

படித்த வேதியியல் உதவவில்லை, உங்கள் நிழல் உதவியது. பாதிக் கிணறு தாண்டிவிட்டேன். மீதியையும் தாண்டுவேன்.

மாப்பிள்ளை பொறுத்துக்கொள்ள மாட்டார் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்களா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் கடிதத்தை அவரிடமே படிக்கக் கொடுத்துவிட்டேன். படித்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நச்சரிப்பு

*

மார்ச் 19

அம்மாடி,

மாட்டிக்கொண்டேன். துண்டைக் காலை வெயிலில்தான் வரைந்தேன், கண்ணில் பட்ட நிழலை அப்படியே போட்டுவிட்டேன். சாயங்காலத்தை யோசிக்கவில்லை. கண்டுபிடிக்க இத்தனை வருஷம் ஆயிற்று பார், அதுவும் வரி வந்ததால். அந்த ஒரு குற்றம் தவிர வேறு சொல்ல முடியாது.

அதிகாரி வரும்போது மறுபடி யாரும் ஏமாறாமல் இருக்கச் சுவரைச் சுத்தம் பண்ணச் சொல்வார்கள். எதிர்த்துப் பேசாதே. முதலில் உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொல், இல்லாவிட்டால் மேலே அடிக்கிற பெயிண்ட் உரிந்து உரிந்து வரும். வரைந்தது போகட்டும். எப்படியும் அந்த அறையில் நான் ஒரு ராத்திரி கூடத் தங்கியதில்லை.

மாப்பிள்ளையிடம் அந்தக் கடிதத்தை ஏன் காட்டினாய்? அசடு. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்?

அப்பா

*

மார்ச் 27

அப்பா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டேன்! இனி நிதானமாக எழுதுகிறேன்.

அதிகாரி நேற்று சாயங்காலம் வந்தார். ஒரு அம்மா, என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். தெருவில் நின்று பார்த்தார், வாசலில் நின்று பார்த்தார். (கேட்டுக்கொள்ளுங்கள், வாசலில் நின்றும் அவருக்குப் பிடிபடவில்லை.) நான் நிழலைக் காட்டினேன். சிரித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இரும்பு ஏணியில் விறுவிறு என்று ஏறினார். மேலே போனதும் சத்தமே இல்லை. "மேடம்?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, ஜன்னலுக்குப் பின்னாடி ஒரு தண்ணித் தொட்டியும் வானமும்தான் இருக்கு!" என்று குரல் வந்தது.

இறங்கி வந்து பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் குட்டி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சத்தம் போடாதீங்க. தாத்தா தூங்கறாரு."

"எந்தத் தாத்தா?"

"மேல இருக்கற தாத்தா."

பேனா நின்றுவிட்டது. எனக்கு உயிரே நின்றுவிட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். முன்னால் வந்தவருக்கு முதியவர் எங்கிருந்து கிடைத்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கொஞ்சினாரே, அப்போது கேட்டிருப்பார். இவள் சொல்லியிருப்பாள்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு குட்டி தாத்தா எங்கே என்று வாசலில் நின்று அழுவாள். தாங்க முடியாமல் ஒரு நாள் அந்த ஜன்னலைக் காட்டி, "அதோ மேல, தூங்கறார்" என்று சொல்லிவிட்டேன். அழுகை நின்றது. அன்றிலிருந்து தினமும் விளக்கு போட்டதும் வாசலுக்கு வந்து சுவரைப் பார்த்துக் கையாட்டிவிட்டுத்தான் படுக்கப் போகிறாள். உங்களுக்கு இதை எழுதவேண்டாம் என்றிருந்தேன். எழுதியாகிவிட்டது.

அந்த அம்மா குட்டியின் கன்னத்தைத் தட்டினார். பிறகு எழுதிக்கொண்டே பேசினார். "மேல் தளம், அடிச்சாச்சு. அறை ரெண்டு, அடிச்சாச்சு. பால்கனி, அடிச்சாச்சு. முதியவர் ஒருவர்... இது வெறும் ஆள் கணக்கு, வரிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இதையும் அடிச்சிடவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. உங்கள் மாப்பிள்ளை, ஷிப்ட் முடிந்து தூங்கிய தலையோடு, லுங்கியைக் கட்டிக்கொண்டு வாசற்படியில்.

"அது இருக்கட்டும் மேடம். அவர் இருக்காரு. மேல இல்ல, கீழ. எங்க மாமனார்."

அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கீழ" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். ஆணையில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "தரைத் தளம் மட்டும். முன்சுவரில் உள்ளது ஓவியம். குடியிருப்பவர்கள்: நால்வர்." வரி பழையபடியே. சுவரை அழிக்கச் சொல்லவில்லை. "ஓவியம்னு எழுதியாச்சே, அடுத்து வர்றவங்க படிச்சுக்கட்டும்" என்றார். போகும்போது தெருமுனையில் திரும்பி இன்னொரு முறை பார்த்தார்.

ராத்திரி உங்கள் மாப்பிள்ளை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "அப்பா இருமல் உங்களைத் தொந்தரவு பண்ணும்னு பயப்படறாரே?" என்று கேட்டேன். "குட்டி கத்தற கத்தலுக்கே எழுந்திருக்கறதில்ல, இருமலுக்கா எழுந்திருக்கப் போறேன்?" என்றார். சட்டைப்பையிலிருந்து உங்கள் கலர் அட்டையை எடுத்தார். அதன் ஓரத்தில் தாழ்வாரத்தை அளந்து பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பது உட்பட. எப்போது அளந்தார் என்று எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். அறை எழும்பினால் அதற்கு வரி ஏறும். ஏறட்டும். இருக்கிற அறைக்குச் சந்தோஷமாகக் கட்டுவேன்.

வீட்டில் நாலு பேர் என்று அரசாங்கத்திடம் சொல்லியாகிவிட்டது அப்பா. நான் எண்ணிப் பார்த்தால் மூன்று பேர்தான் இருக்கிறோம். மாப்பிள்ளையைப் பொய்யராக்கிவிடாதீர்கள்.

உங்கள் நச்சரிப்பு

*

ஏப்ரல் 2

அம்மாடி,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கீழே அச்சகத்துப் பையன்கள் "என்ன சார், கண்ணுல பெயிண்டா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கொத்தனாரிடம் சொல்: அறைக்கு ஒரு ஜன்னல் வைக்க வேண்டும், நிஜ ஜன்னல். திரையை மடிப்பு மடிப்பாக வரைந்துவிடுவேன், காற்று வரவழைக்க எனக்குத் தெரியாது. கதவைப் பற்றி மாப்பிள்ளை போட்ட கோடு சரியாக இருக்கும். அவர் அளந்திருக்கிறார், அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைச் சுவர் மேல் விளிம்பில் வளைத்து முடித்துவிட்டேன். இங்கே இனி வேலை பாக்கியில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அறை முடியும்வரை கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். துண்டு காயப்போட ஒரு கொடி மட்டும் கட்டி வை.

குட்டியிடம் சொல்லு, தாத்தா எழுந்துவிட்டார், இறங்கி வந்துகொண்டிருக்கிறார் என்று.

அப்பா