பழைய கன்சோலும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். அங்கே நீ சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இரவுப் பணி முடிந்து வந்த பகலில் திரையை இழுத்துவிட்டு ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று அறிய ஆவல். போனில் பேசாமல் அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உறையைப் பார்த்ததும் உனக்குப் பதறியிருக்கும். பதற ஒன்றுமில்லை, யாருக்கும் உடம்புக்கு எதுவும் இல்லை. போன் வந்தால் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுவாள், தனியாகப் பேசலாமென்றாலோ உன் குரலைக் கேட்டதும் நான் பாதியை விழுங்கிவிடுவேன். எழுதினால் அடித்துத் திருத்தியாவது முழுவதும் சொல்லலாம். குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது, குழாய்க்காரர் மூன்று முறை வந்து மூன்று விதமாகக் காரணம் சொன்னார். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாத்திரை தீர்வதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுகிறேன். எனக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. இவ்வளவும் எழுதுவது சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ அங்கே கேமைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தும் அம்மா வரவில்லை அல்லவா, அதற்குக் காரணம் அவளுடைய தலைவலி இல்லை, கோபமும் இல்லை. டிவியில் கேம் ஆட நான் வாங்கிய கன்சோல் நீ எழுதிக் கொடுத்த மாடல் இல்லை, அதற்கு முந்தியது. அதிலிருந்து உன்னுடையதோடு சேர்ந்து விளையாட முடியாது. இது எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் உன்னிடம் அம்மாவுக்குத் தலைவலி என்றேன், அம்மாவிடம் உனக்கு டியூட்டி மாற்றிவிட்டார்கள் என்றேன். அடுத்த இரண்டு வாரமும் வேறு வேறு காரணம் சொன்னேன். எந்த வாரம் யாரிடம் என்ன சொன்னேன் என்று மறக்காமல் இருக்க ஒரு துண்டுத் தாளில் குறித்தும் வைத்தேன். பொய்யைக்கூடக் குறிப்பு எழுதிச் சொல்கிற ஆள் நான், அதை இப்போது எழுதும்போதே கூசுகிறது.

கன்சோல் வாங்கப் பணம் அனுப்பிய அன்று நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “அப்பா, நானும் அம்மாவும் பேச ஆரம்பிச்சா நாலாவது வார்த்தையில சண்டை வந்துடுது. ஆனா கையில சேர்ந்து ஒரு வேலை இருந்தா எங்களுக்குள்ள சண்டையே வராது. நோட்டுக்கு அட்டை போடும்போது நாங்க எப்பவாவது சண்டை போட்டிருக்கோமா?” என்று கேட்டாய். போட்டதில்லை. ஒருவர் தாளை மடிக்க ஒருவர் ஒட்டுவீர்கள், வீடு அன்றைக்கு அமைதியாக இருக்கும். வேலைக்காக நீ அவ்வளவு தொலைவு போனதை அம்மா இரண்டு வருடமாக ஜீரணிக்கவில்லை, நீ கிளம்பிய நாளில் வாசலுக்குக்கூட வரவில்லை. அதனால்தான் அந்தத் தோட்டம் போடும் விளையாட்டை நீ தேர்ந்தெடுத்தாய், நீ அங்கிருந்தும் அவள் இங்கிருந்தும் ஒரே நிலத்தில் விதைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம், பேச வேண்டிய கட்டாயம் இல்லை. மாடல் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினாய். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

முப்பத்தொரு வருடம் காகித ஆலையின் கொள்முதல் பிரிவில் இருந்தவனுக்கு மூன்று கொட்டேஷன் வாங்காமல் எதையும் வாங்க வராது. மூன்று கடை ஏறினேன். மூன்றாவது கடைக்காரர், “பேரனுக்கா சார்?” என்றார். இல்லை, என் மனைவிக்கு என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அப்ப எதுக்கு சார் புதுசு? ரேஸ் ஓட்டப் போறாங்களா? தோட்டம்தானே, பழைய மாடல்லயும் இந்த கேம் ஜம்முன்னு ஓடும். பழசுன்னா யாரோ போட்டு அடிச்சது இல்ல, பெட்டியே பிரிக்காதது. விலை பாதிக்குப் பக்கத்துல வந்துடும்” என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கோடு போட்டு இரண்டையும் எதிரெதிரே எழுதினேன். விலை, உத்தரவாதம், மின்செலவு, நம் டிவியில் செருகுமா, இரண்டாவது கன்ட்ரோலர் தனியாக வாங்க வேண்டுமா, கேம் டிஸ்க்காகக் கிடைக்குமா அல்லது ஒவ்வொன்றையும் இறக்கிக்கொள்ள வேண்டுமா, பழுதானால் இந்த ஊரில் பார்ப்பார்களா என்று பதினொரு வரிகள். ஒன்பதில் பழையதுதான் மேல். உன் கன்சோலோடு இது சேருமா என்று பன்னிரண்டாவதாக ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவே இல்லை. எதற்காக வாங்குகிறோமோ அதைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டிருக்கிறேன்.

தோன்றவில்லை என்று சொல்லித் தப்பித்துவிடவும் முடியாது. ஆலையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு, பொருள் கேட்ட பிரிவு எழுதிக் கொடுத்ததற்கு மாற்றாக வேறொன்றை வாங்குவதென்றால் மாற்றம் ஒரு வாஷரின் கனத்தில்தான் என்றாலும் அந்தப் பிரிவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஆர்டர் போட வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதை மீறியதில்லை. இங்கே கேட்ட பிரிவு நீ. உன்னிடம் காட்டவில்லை. காட்டினால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்தே காட்டவில்லை. நீ கூடுதல் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம், அதில் முடிந்த அளவு உனக்கே திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், மிச்சத்தை உறையில் போட்டு மேலே “சிட்டு வந்து போக” என்று எழுதி அலமாரியில் வைத்தேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக அன்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அம்மா தலை வாரி, யார் வீட்டுக்கோ போகிறவள் மாதிரி உடுத்திக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தாள். கேமுக்குள் உன்னை அழைக்கும் இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. மறுநாள் கடைக்கு ஓடினேன். “அட, பொண்ணுகூட ஆடணும்னு நீங்க சொல்லவே இல்லையே சார். இதுல தனியாத்தான் ஆட முடியும், சேர்ந்து ஆடுறது புதுசுல மட்டும்தான். பிரிச்ச பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம், வேணும்னா எக்ஸ்சேஞ்சுல போட்டுக்கறேன்” என்றார். அன்றே வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தோடு போயிருக்கும். அம்மா கேலி செய்வாளே என்ற பயம், நீ வருத்தப்படுவாயே என்ற பயம், இரண்டும் சேர்ந்து வாயைக் கட்டிவிட்டன. இதற்குள் அம்மா பொழுதுபோகாமல் தனியாகவே ஆடப் பழகிவிட்டாள். நிலத்தில் பாதியை மட்டும் விதைத்திருந்தாள். மறுபாதியில் ஏன் ஒன்றும் போடவில்லை என்று கேட்டேன். “அது அவ எடம். அவளுக்கு என்ன போடணும்னு இருக்கோ போட்டுக்கட்டும், இல்லன்னா அதுக்கும் சண்டைக்கு வருவா” என்றாள். மூன்றாவது ஞாயிறு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, “இத வாங்க காசு அனுப்பத் தெரியுது, வந்து உட்காரத்தான் நேரமில்ல. விடுங்க” என்றாள். அதே மாலை உன் செய்தி வந்தது. “அம்மாவுக்கு இஷ்டமில்லன்னா கட்டாயப்படுத்தாதீங்கப்பா. மேனேஜர் ஞாயித்துக்கிழமைக்கு ஆள் கேக்கறாங்க, நான் சரின்னு சொல்லிடறேன்.” ஒருவருக்கொருவர் கதவைச் சாத்திக்கொண்டு போகிறீர்கள், இரண்டு கதவையும் சாத்தியவன் நான்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். உறையில் இருக்கும் பணத்தோடு என்னுடையதைக் கொஞ்சம் சேர்த்தால் சத்தமில்லாமல் புதியதை மாற்றிக்கொண்டு வந்து வைத்துவிடலாம் என்று நான்கு நாள் கணக்குப் போட்டேன். ஆனால் பெட்டி மாறினால் மட்டும் போதுமா, நீ வராமல் போனாய் என்று அம்மா நினைப்பதும் அவள் வராமல் போனாள் என்று நீ நினைப்பதும் அப்படியே அல்லவா இருக்கும். இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன்.

மேலே உள்ளதை எழுதி இரண்டு மணி நேரம் ஆகிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். டிவி முன்னால்தான் இருந்தாள், நான் துண்டுத் தாளையும் அந்தப் பதினொரு வரித் தாளையும் அவள் கையில் கொடுத்து நின்றுகொண்டே சொன்னேன். திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தேன். துண்டுத் தாளை வரிவரியாகப் படித்தாள். பிறகு, “அவ வந்திருந்தாளா?” என்றாள். மூன்று வாரமும் வந்தாள் என்றேன். “எவ்வளவு நேரம் இருந்தா?” என்றாள். ஒவ்வொரு வாரமும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்ததாக எழுதியிருந்தாள் என்றேன். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள், பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை. திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் திட்டு விழுந்தது. “ஆயுசு பூரா மில்லுக்கு ஆணி வாங்கின மனுஷன வீட்டுக்குச் சாமான் வாங்க அனுப்பினேனே, என்னைச் சொல்லணும். அந்தப் பேப்பர்ல கோடு மட்டும் நல்லா நேரா போட்டிருக்கீங்க” என்றாள். எனக்கு அது தேன் குடித்த மாதிரி இருந்தது. புதியதற்கு மாற்றினால் இத்தனை நாள் வளர்த்த செடியெல்லாம் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். “போனாப் போகுது. அவ வராத தோட்டத்த வச்சுக்கிட்டு என்ன பண்றது” என்றாள். உன்னைக் கூப்பிடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். “போன்ல நான் அழுதுடுவேன், அப்புறம் அவ ஏதாவது சொல்லுவா, நான் ஏதாவது சொல்லுவேன். நீங்க செஞ்சத நீங்களே எழுதுங்க” என்றாள். நாளைக் காலை கடை திறந்ததும் நாங்கள் இருவரும் போகிறோம். இந்தத் தடவை பணத்தை அம்மா வைத்துக்கொள்கிறாளாம், பேசுவதும் அவளாம், பழைய கன்சோலைச் சுமந்து வருவது மட்டும் நான்.

நான் கெடுத்த மூன்று ஞாயிறுகளை உனக்குத் திருப்பித் தர என்னிடம் ஒன்றும் இல்லை சிட்டு. மன்னிக்க முடிந்தபோது மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்குச் சரி சொல்லியிருந்தால் எப்படியாவது மாற்றிக்கொள். இந்த வாரம் காத்திருக்க வேண்டாம், கடிதம் வருகிறது என்று மட்டும் செய்தி அனுப்பிவிட்டேன். உடம்பும் மனமும் நன்றாக இருந்து, நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நீண்ட நாள் நிறைவாக வாழ இருவரும் ஆசீர்வதிக்கிறோம். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அடுத்த ஞாயிறு எங்கள் நேரம் மாலை ஐந்து மணி, மறந்துவிடாதே. அம்மா நான்கு மணிக்கே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், உன்னால் முடிந்தால் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடு.

உன்னைக் கேட்காமல் இனி எதையும் மாற்றி வாங்காத,
அப்பா