தடை உனக்கு இல்லை

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா ஆசையோடு எழுதுவது. அம்மாவின் வலது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் மற்ற எல்லாம் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும். ஒரு வார்டு முழுக்க உன்னை சிஸ்டர் என்று மரியாதையாகக் கூப்பிடும்போது முப்பத்தொரு வயதுப் பெண்ணைப் பாப்பா என்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே, எனக்கு வேறு பெயர் வாயில் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, லைன் சரியில்லை என்று மழுப்பிவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் கையால் எழுதுகிறேன், எழுதி முடித்ததும் நம் ஜெராக்ஸ் கடை மெஷினில் ஸ்கேன் போட்டு அனுப்புவேன், டூட்டி முடிந்த பிறகு பொறுமையாகப் படி.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னைப் போல வேலை அனுமதியில் வந்த வெளிநாட்டு நர்சுகள் தொண்ணூறு நாளில் கிளம்ப வேண்டும் என்று அந்த ஊர் அரசாங்கம் உத்தரவு போட்டபோது நீ அது வெறும் பேச்சுப்பா, எங்க நர்சுகள் சங்கத்துல கேஸ் போட்டிருக்காங்க, பார்த்துப்பாங்க என்றாய், நாங்களும் நம்பியது போல இருந்தோம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கோர்ட் கூடும் நேரம், நம் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடமில்லை. அப்போது எதிர்க்கடை டிவியில் ஒரு வரி ஓடியது, வெளிநாட்டு நர்சுகள் விவகாரம், நீதிமன்றம் இடைக்காலத் தடை என்று. தடை என்ற சொல்தான் என் கண்ணில் பட்டது. என் பெண்ணுக்குத் தடை போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். இருபத்திரண்டு வருஷமாகத் தடை உத்தரவுகளை நகல் எடுத்துக் கொடுக்கிறவன்தான் நான், ஆனால் ஒன்றையும் படித்ததில்லை. அடுத்தவர் வழக்கைப் படிக்கக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது, பக்க எண் வரிசையாக இருக்கிறதா, ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பேன். அன்று கையில் இருந்த நகல் கட்டைக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா அழுதாள். உன்னைக் கூப்பிட்டோம், நீ எடுக்கவில்லை, அப்புறம் பேசறேன், கவலைப்படாதீங்க என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. கவலைப்படாதே என்று யாராவது சொன்னால்தான் அம்மாவுக்குக் கவலையே ஆரம்பிக்கும், தெரியும் அல்லவா. ஆனால் பாப்பா, சாயங்காலம் ஆக ஆக வீட்டில் வேறொன்று நடந்தது. அம்மா எழுந்து முகம் கழுவினாள். வேலை போனால் என்ன, நம்ம பொண்ணு நம்மகிட்டதானே வரா என்றாள். அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. உன் கட்டில் மேல் நான் அடுக்கியிருந்த பேப்பர் பெட்டிகளை எல்லாம் இறக்கச் சொன்னாள், அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தாள், அடுத்த நாள் அந்தக் காலோடு மாடி ஏறி உன் மெத்தையை வெயிலில் போட்டாள். நான் திட்டவில்லை, மெத்தையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். நீ போன இந்த ஆறு வருஷத்தில் அந்த ஒன்றரை நாள் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தோம். உன் வாழ்க்கையே கலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் சிரித்தோம், அதை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. பெற்றவர்கள் இப்படியும் இருப்பார்கள், மன்னித்துக்கொள்.

வியாழக்கிழமை கடைக்குக் குண்டூசி வந்தார். வக்கீல் குமாஸ்தா, எப்போதும் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசுவாரே, அவர்தான். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார், சொன்னேன். ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இத்தனை வருஷம் கோர்ட் வாசல்ல உக்காந்து என்னத்தைப் பார்த்தீங்க, தடைன்னா யாருக்குத் தடைன்னு பார்க்க வேண்டாமா, உங்க பொண்ணுக்கு இல்ல சார், அவங்களை அனுப்பச் சொன்ன உத்தரவுக்குத்தான் தடை, அவங்க இருந்த இடத்துலயே இருக்கலாம் என்றார். அப்போ ஜெயிச்சுட்டோமா என்று கேட்டேன். அவசரப்படாதீங்க, தடை வேற, ரத்து வேற, இப்போ நிறுத்தி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான், தீர்ப்பு வந்தாதான் அந்த உத்தரவு இருக்கா இல்லையான்னு தெரியும் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நல்லதுதானே என்றாள். கையில் தலையணை உறை வைத்திருந்தாள், நல்லதுதானே என்று மறுபடியும் சொன்னாள், அந்த உறையை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். நான் கடையில் மறந்துவிட்டு வந்ததாக ஏதோ சொல்லி வெளியே போய் நின்றேன்.

அதிலிருந்து தினமும் உன் வழக்குச் செய்தியைத் தேடிப் படிக்கிறேன். நீதிபதிகள் அரசுக்குச் சரமாரிக் கேள்வி என்று ஒருநாள் போட்டார்கள், நான் துள்ளிக் குதித்தேன், குண்டூசி, கேள்வி கேட்கிறது தீர்ப்பு ஆகாது சார், நாளைக்கு உங்க பக்கத்தையும் அதே மாதிரி கேட்பாங்க என்று என்னை உட்கார வைத்தார். போன வாரம் தேதி குறிப்பிடாமல் தீர்ப்பு ஒத்திவைப்பு என்று வந்தது. இழுத்தடிக்கிறார்கள் என்று நான் கத்தினேன், இல்லையாம், இரு பக்க வாதமும் முடிந்து இனி எழுத வேண்டியதுதான் பாக்கியாம். அம்மா என்னை ஜட்ஜ் ஐயா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, தீர்ப்பு எப்படி வந்தா என்னப்பா, அம்மா முழங்கால் ஆபரேஷனுக்கு நான் வரேன், டிக்கெட் போட்டுட்டேன், சரியா என்று கேட்டாய். மறுநாள் மதியமே உங்கள் சங்கம் வெளியிட்டிருந்த கோர்ட் தடை உத்தரவின் நகலைக் குண்டூசி போனில் எடுத்துக் கொடுத்தார், பதினான்கு பக்கம், என் மெஷினில் நானே அச்செடுத்தேன், வாழ்க்கையில் முதல்முறையாக ஓரத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்கு எட்டியவரை எட்டியது, மீதியை அவர் வரி வரியாகச் சொன்னார். ஒன்பதாவது பத்தியில், உத்தரவு தேதியில் அந்த நாட்டில் இருந்து, தொடர்ந்து அங்கேயே இருப்பவர்களுக்கு இந்தத் தடை பொருந்தும் என்று இருக்கிறது. வெளியே போய்த் திரும்புகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சொல்லாததை நமக்குச் சாதகமா எடுத்துக்கக் கூடாது சார், ஆனா அந்த ஊர்ச் சட்டம் வேற, சங்கத்து வக்கீலை ஒருதடவை கேட்டுக்கச் சொல்லுங்க என்றார். ஆகவே நீ கேள். வாய்ப்பேச்சில் கேட்காதே, எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்கு. போகலாம், திரும்பி வர விடுவார்கள் என்று அவர் கையெழுத்துப் போட்டால் அன்றே கிளம்பு, விமான நிலைய வாசலில் நான் முந்தின நாளே வந்து நிற்பேன். இல்லையென்றால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஆறு வருஷம் நீ பரீட்சை எழுதியதும், கண் விழித்ததும், பனியில் நடந்ததும் ஒரு முழங்காலுக்காகப் போய்விடக் கூடாது என்று சொல்வது நான் அல்ல, அந்த முழங்காலுக்குச் சொந்தக்காரிதான். துணிக்கடையில் இருபது வருஷம் நின்ற கால் இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரியில் உன் சித்தி கூட இருப்பாள், நானும் இருக்கிறேன், டாக்டரம்மா கெட்டிக்காரி.

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் நீ வர வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அம்மா, என்னங்க, இப்படியா எழுதுவாங்க, இப்போதைக்குன்னு போடுங்க என்றாள். இடம் இல்லை, வரிக்கு மேலே பொடி எழுத்தில் நுழைத்துவிடுகிறேன் என்றேன். அதெல்லாம் முடியாது, வேற தாள் எடுத்துத் திருத்தமா எழுதுங்க, அவ கண்ணுல அந்தச் சொல்தான் முதல்ல படணும் என்று என் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அதனால் அந்தக் கடைசி வரியைப் புதுத் தாளில் எழுதுகிறேன், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போதைக்கு நீ வர வேண்டாம், பாப்பா.

எங்கள் ஆசீர்வாதம் எந்நேரமும் உன்கூட இருக்கும், நல்லபடியாக நடக்கும். சங்கத்து வக்கீலைத் திங்கட்கிழமையே பார், தள்ளிப் போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா, அம்மாவும்தான்.