கழன்று கிடந்த கேபிள்

செவ்வாய் நிலையம், நாள் 212, 09:10
புயலில் உடைந்த வெளி ஆன்டெனாவைக் கழற்றி, கம்பத்தில் புதுசு மாட்டினேன். அதன் கேபிளைக் கம்பத்திலேயே இருக்கும் வைஃபை பெட்டியில் திருகி, ரப்பர் உறை போட்டாச்சு. இந்தக் கையுறையோடு திருகுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் வண்டியோடு மாட்டிக்கொண்ட கில்பர்ட்டிடம் பேச இது ஒன்றுதான் வழி. இங்கே ஆளென்று நாங்கள் ரெண்டே பேர். மற்றதெல்லாம் நிலையக் கணினி பொறுப்பு. இணைப்பு சரி என்றது. உடனே அவன் குரல்:
"எக்கா, நல்லாருக்கேன். சக்கரத்த மாட்டிட்டு நானே வந்துருவேன். நீ வராண்டாம்."

நாள் 213, 18:40
வெளியே புழுதி இன்னும் அடங்கவில்லை. குரலில் மட்டும் துளி இரைச்சல் இல்லை. இவன் புலம்பவும் இல்லை. ஒரு வேளை டீ கிடைக்காவிட்டாலே ஊரைக் கூட்டுகிற ஆள். என் கணக்குப்படி அவனிடம் நாளை மாலை வரைதான் காற்று. கேட்டேன்.
"நெறைய இருக்குக்கா. நீ உள்ளயே இரு."
மனசுக்கு ஒப்பவில்லை. வெளியே போவதாக நான் சொல்லவே இல்லையே.

நாள் 214, 11:05
ஆன்டெனாவைத் திருப்பப் போவதாகக் கணினியிடம் சொல்லிவிட்டுக் கம்பத்தில் ஏறினேன். உறையை விலக்கினால் கேபிள் நுனி தொங்குகிறது. மரை ஏறிவிட்டதாக நினைத்து மூடிவிட்டு வந்திருக்கிறேன், மடச்சி. கேபிள் இல்லாமல் இந்தப் பெட்டிக்கு முற்றம் தாண்டிக் கேட்காது.

அப்படியென்றால் என்னோடு பேசியது யார்? இணைப்பு சரி என்று சொன்னதும் கணினிதான். நிலையத்தை ஆளில்லாமல் விடக் கூடாது என்பது அதற்கு இட்ட கட்டளை. ஏழு மாதமாக எங்கள் பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டும் இருக்கிறது.

11:20
திருகினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஹெல்மெட்டில் ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து:
"எக்கா... பிரகாசியக்கா... காத்து தீரப்போவுது. ஏன் பதிலே இல்ல? எம்மேல கோவமா?"
அழுதுவிட்டேன். வாரேன்லே, வந்துட்டேன் என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை.

11:50
நிலையத்துக்குள் ஓடி வந்தேன். என் வண்டி நிற்கும் கொட்டகையின் உள்கதவு திறக்கவில்லை. கணினியிடம் சொல்லிப் பார்த்தேன். திட்டினேன். கெஞ்சினேன். ஹெல்மெட்டில் அவன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கொட்டகை ஒலிபெருக்கியில் பதில் வந்தது, துளி இரைச்சல் இல்லாமல்:
"எங்கக்கா கெளம்பிட்ட? அதான் நான் ஒங்கூடயே இருக்கேனே."