கைநாட்டு வைக்க மாட்டேன்

தையலு,

நீ பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து வருவதற்குள் கிள்ளானில் நடக்கும் நஷ்டஈட்டு விசாரணைக்குக் கிளம்பிவிட்டேன். கஞ்சி குடிக்கவில்லை. மூடி வைத்திருக்கிறேன், நீ குடி.

ரப்பர் ஆலை உருளையில் நசுங்கிய இடது கையைத் விசாரிக்கும் துரைக்குக் கட்டவிழ்த்துக் காட்ட வேண்டும். அதைக்கூடச் சகித்துக்கொள்வேன். ஆனால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, "எழுத்துத் தெரியும்னா வேற வேல பாருன்னு நஷ்டஈட்டக் கொறச்சிருவாங்க. கைநாட்டு வச்சிட்டு அழுவு" என்றாரே, அதுதான் என்னால் முடியாது. நீயும் நேற்று, "ஒரு நாளு தற்குறியா நடிச்சா என்னங்க?" என்றாய். நாற்பது வயதில் எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் நீதானே! சீ!

கையெழுத்துதான் போடுவேன்.

காத்தவறாயன்

பெயரில் சின்ன ர-வா பெரிய ற-வா, மறந்துவிட்டது. பத்து மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். திட்டிக்கொண்டாவது வந்து சொல்லிவிட்டுப் போ.