உள்ளங்கை அளவுப் படம்

மச்சான்,

இன்று காலை ஹட்டனில், நீங்கள் வேலை பார்த்த அதே ஃபோட்டோ லெப்பில், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் மூன்று தரம் துடைத்தேன். அப்போதும் கணினித் திரையில் உங்கள் முகம் கலங்கியே இருந்தது. கவுண்டரில் நின்ற பிள்ளை பொறுத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், கண்ணாடியில ஒன்னும் இல்ல. படம்தான் சின்னது. பெருசாக்குனா கட்டம் கட்டமாத்தான் வரும்" என்றாள். பின்னால் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் படத்தை எடுத்தவன் நான்.

நாளை மறுநாள் உங்கள் பதினாறாம் நாள் காரியம். "அண்ணே, உங்க மக சடங்குல நீங்க எடுத்தீங்களே, அந்தச் சீர்த்தட்டு படம், அத சுவரு நெறைய பெருசா அடிச்சிட்டு வாங்க" என்று உங்கள் மனைவி கேட்டிருந்தார். அதைவிட்டால் பழைய அடையாள அட்டைப் படம்தான். அதில் உங்களுக்கு மீசைகூட முளைக்கவில்லை. பிரிண்ட் மெஷின் முன்னாலேயே நீங்கள் சாய்ந்துவிட்டீர்கள் என்று ஃபோன் வந்தபோது, "வேற யாராச்சும் இருக்கும், நல்லாப் பாருங்க" என்று கத்தியவன் நான். இன்றுவரை அப்படித்தான் மனம் கத்திக்கொண்டிருக்கிறது.

சடங்குக்கு முதல் நாள், அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்து லய வீட்டு வாசலில், என் புதுக் கெமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "மச்சான், படத்தோட சைஸப் பெருசா வைங்க. ஷார்ப்ப மட்டும் கெமராவுல கூட்டாதீங்க, முகத்தச் சுத்திக் கோடு போட்ட மாதிரி ஆயிரும். மிச்சத்த நான் பேப்பர்ல பாத்துக்கிறேன். அச்சா பிலிமு மாதிரி வரும்."

தலையாட்டினேன். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் சைஸை ஆகச் சிறியதாக வைத்தேன். எண்ணூறு படம் பிடிக்கும் என்று காட்டியது கெமரா. விடுவேனா? சொந்தபந்தம், பந்தி, வாழைமரம், யாருடையதோ நாய், எல்லாம் எடுத்தேன். தாய்மாமனாக நீங்கள் தட்டைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு வந்ததும் அந்தச் சைஸில்தான்.

சடங்கு முடிந்து லெப்பில் நீங்கள் திரையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். எல்லாவற்றையும் சின்னதாக அடித்து ஆல்பமாக்கினீர்கள். "பிலிம்ல எடுத்த மாதிரியே இருக்கே!" என்று வீடே வியந்தபோது, "கை யாரு கை? நம்ம மச்சான் கையில்ல!" என்றீர்கள். வெட்கமில்லாமல் நெஞ்சை நிமிர்த்தினேன். வெளியே வந்து என் காதில் மட்டும் சொன்னீர்கள்: "சின்னப் படத்தச் சின்னதா அடிச்சா மானம் தப்பும் மச்சான். இழுத்தா முகம் போயிரும்."

இன்று அதையேதான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். உள்ளங்கை அளவில் அடித்துத் தந்தாள். கையில் வாங்கியதும் திடுக்கிட்டேன். அதே சுருங்கிய கண், அதே சிரிப்பு. கூப்பிட்டால் திரும்புவீர்கள் போல. இந்தப் படத்துக்கு எந்த மாலையும் பெரியதாகத்தான் இருக்கும்.

என் கெமராவில் சைஸ் இப்போது ஆகப் பெரியதில் நிற்கிறது. நாயை எடுத்தால்கூட அதில்தான்.

பின்னேரம் உங்கள் மனைவியிடம் படத்தைக் கொடுத்தேன்.

"இது ஆல்பத்துல இருந்த அளவுதானே அண்ணே?"

"இந்த அளவுலதான் பிலிமு மாதிரி இருக்கும்னு மச்சான் சொல்லுவாரு, தங்கச்சி."

கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "ஆமாண்ணே. உசுரோட பாக்குற மாதிரியே இருக்கு. நல்ல வேள, நீங்க எடுத்தீங்க."

அன்றைக்கு அவரைச் சின்னதாக்கியது நான்தான், தங்கச்சி. இப்படிச் சொல்ல வாய்வரை வந்துவிட்டது. தங்கச்சி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.