அடியைக் குறிக்கும் விகுதி

தங்கச்சிக்கு,

நான் அகராதி வேலை பார்ப்பவள் என்பதால், கல்யாணமாகிப் போன நாளிலிருந்து உன் வீட்டுக்காரர் பேசும் ஸ்பானிய மொழியில் புரியாததையெல்லாம் என்னிடம்தான் கேட்கிறாய். முதலில் கேட்டது 'அப்ராஸோ'. கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது, கட்டியணைப்பது என்று எழுதினேன்.

அப்புறம் 'போர்த்தாஸோ' கேட்டாய். சில சொற்களோடு 'அஸோ' விகுதி சேர்ந்தால் அதனால் விழும் அடி என்று பொருள். இது கதவை அறைந்து சாத்துவது. அடுத்தது 'கோதாஸோ', முழங்கையால் இடிப்பது. இதையெல்லாம் எங்கே கேட்டாய் என்று போனில் விசாரித்தேன். "படிக்கிற கதையில வருதுக்கா, நீ வேற!" என்று சிரித்தாய். பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமியதும் வைத்துவிட்டாய்.

நேற்று வந்த கடிதத்தில் நலம் விசாரிப்புகூட இல்லை. 'கொர்ரெயாஸோ' என்று ஒரே வார்த்தை. 'கொர்ரெயா' என்றால் தோல்வார். மீதியை நான் எழுத வேண்டியதில்லை.

வியாழக்கிழமை அவர் வேலைக்குக் கிளம்பியதும் உன் வாசலில் நிற்பேன். பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து வை. பெட்டி கட்டாதே, கண்ணில் படும்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் உன் முகத்தைப் படிப்பார். அதனால் சிரித்துக்கொண்டே இதை மடி. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், அம்மாவுக்கு மூட்டுவலி என்று சொல்.

அக்கா