அக்கரைப்பற்றில் திரும்பாத லொறி

எனக்குக் கோபம் வந்தாலும் ஆசை குறையாத என் வாப்பாவுக்கு,

ஸலாம். இதை எழுத உட்கார்ந்தால் எழும்பி நடக்கிறேன். மகள் ஸைனப் வாசலில் விளையாடுகிறாளா என்று பார்க்கிறேன், திரும்ப வந்து உட்காருகிறேன். இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது, தெரியுமா உங்களுக்கு?

நம்முடைய சீவியத்தை ஊரே அறியும். நீங்கள் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு நாடகம் போட்டீர்கள். உம்மா வசனம் எழுதினா. சாய்ந்தமருது, நிந்தவூர், சாகாமம் என்று வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தோம். ஒத்திகை நாட்களில் நீங்கள் இருவரும் சாப்பாட்டை மறப்பீர்கள். எனக்குப் பசிக்கும் என்பதையும் மறப்பீர்கள். பக்கத்து வீடுகளில் சாப்பிட்டு வளர்ந்தேன். "என்ட மகளுக்கு ஊரெல்லாம் உம்மாமார்" என்று அதையும் பெருமையாகச் சொன்னீர்கள்.

சாகாமத்தை விட்டுக் கல்முனைக்கு வந்த நாளைப் பற்றித்தான் கேட்க வேண்டும். லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் குளக்கட்டில் மருதமர நிழலில் நித்திரையாகிப் போனேன். எழும்பி ஓடிவந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. லொறி இல்லை. வயலில் நின்ற ஓர் அம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு தந்தா. றோட்டுத் தெரிகிற இடத்தை விட்டு நான் அசையவில்லை. அழுதேன் வாப்பா, தொண்டை கட்டும்வரை அழுதேன்.

மறுநாள் மத்தியானம் யாருடையதோ மோட்டார் சைக்கிளில் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். "பாத்தீங்களா, என்ட புள்ளக்கி ஒரு பயமும் இல்ல!" என்று அந்த அம்மாவிடம் சொன்னீர்கள்.

பிறகு அது உங்களுடைய கதையாயிற்று. நான் உம்மாவோடு முன்னால் இருப்பதாக நீங்களும், உங்களோடு பின்னால் இருப்பதாக உம்மாவும் நினைத்தீர்களாம். கலியாண வீடுகளில் அதை நடித்தே காட்டுவீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். மறந்துவிட்டார்கள், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் கண்மூடி நாற்பதாம் நாள் ஓதிய கத்தத்துக்கு வந்தவர்கள் மறுபடி அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஸைனப் மட்டும் சிரிக்கவில்லை.

"உம்மம்மா, எங்கட உம்மா லொறில இல்லண்டு ஒங்களுக்கு எப்ப தெரிஞ்ச?"

உம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா. "அக்கரைப்பத்துல."

"அப்பவே தெரியுமா?" என்றேன் நான்.

"ஓம் மகள். லொறிய நிப்பாட்டிப் பாத்தம். அண்டைக்குப் பின்னேரம் கல்முனைல நாடகம். திரும்பிப் போனா நேரத்துக்குத் திரை தூக்க ஏலா. அவள் கெட்டிக்காரி, ஆரும் பாத்துக்குவாங்க, நாளைக்குப் போவம் எண்டாரு வாப்பா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

உம்மா கீழே வைத்த கோப்பையைத் திரும்ப எடுத்தா. பிறகு, "நாடகம் நல்லாப் போச்சு" என்றா.

வாப்பா, அக்கரைப்பற்று பாதி வழிகூட இல்லையே, அங்கிருந்து சாகாமம் அவ்வளவு தூரமா? மேடையில் ஒரு வசனமாவது உங்களுக்குத் தடுமாறியதா? கைதட்டலுக்கு நடுவில் நான் நினைவுக்கு வந்தேனா?

உம்மா இப்போது என்னோடுதான். வேளைக்குச் சோறு போடுகிறேன். போடும்போது நாக்கு நுனிவரை ஒரு சுடுசொல் வருகிறது, விழுங்கிவிடுகிறேன். நேற்று, "ஒலுவில் பக்கம் ஒரு வீடு வாடகைக்கி இரிக்காம், போவமா?" என்று கேட்டா. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் ஒரு கணம் என் காலும் துறுதுறுத்தது. அது உங்கள் ரத்தம்தானே?

இனி யாராவது அந்தக் கதையைச் சிரிப்பாகச் சொன்னால், அவர்களை நிறுத்திவிட்டு, நடந்ததை நடந்தபடியே சொல்வேன். சபை சிரிக்காது, அதற்கு நான் பொறுப்பில்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உங்களுக்காகத் துஆக் கேட்பேன். கோபத்தோடுதான் கேட்பேன். ஆனால் கோபம் ஆறட்டும், பிறகு கேட்கலாம் என்று உங்களைக் காத்திருக்க வைக்கமாட்டேன்.

உங்கட மகள்,
றிஸ்னா